லீமாவுக்கு அனுப்பிய சுறா

கடியப்பட்டணம்
16-11-2014, ஞாயிறு

பாசமுள்ள மகள் லீமாவுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் துணையால் நானும் அம்மாவும் இங்கே சுகம். நீயும் மருமகன் லிஜோவும் உன் வயிற்றில் கிடக்கும் குட்டியும் அந்த அயர்லாந்துக் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலைப் பூசையில் கேட்டுக்கொண்டு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போன் வந்தால் அம்மா எங்கே என் கையில் தருகிறாள், அவள் உன்னிடம் சோறு தின்றாயா குளித்தாயா என்று எல்லாம் விசாரித்து முடித்து என்னிடம் நீட்டும்போது நீ டியூட்டிக்கு நேரமாகிறது என்பாய். அதனால் எனக்குச் சொல்ல இருப்பதை ஒருமுறையாவது ஒழுங்காகச் சொல்லிவிடுவோம் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டு ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது, பாதரசம் அங்குள்ளவர்களுக்கு இருப்பதைவிடக் கூடுதல்தான் ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை, ஸ்கேனில் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று சொன்னதைக் கேட்டு அம்மா அப்படியே அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் முற்றத்தில் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டு யார் செத்தது என்று கேட்டார்கள், யாரும் சாகவில்லை, என் மகள் நன்றாக இருக்கிறாள் என்று சொன்னேன். இத்தனை நாளும் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிய பிறகுதான் எனக்குப் பசி என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வந்தது.

நீ எதைத் தின்றாலும் வாந்தி எடுக்கிறாய் என்று கேட்டபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். நாங்கள் மீன்பிடிக்கப் போகும் போட்டின் வழக்கம் உனக்குத் தெரியும், பெரிய சுறா கிடைத்தால் ஏலத்துக்கு வைக்கும் முன்னே வயிற்றுப் பக்கத்துத் துண்டை அறுத்துத் தனியே வைத்துவிடுவோம், அது போட்டில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறாளோ அவளுக்கு. சுறா எத்தனை பெரிதோ பிள்ளைக்கு அத்தனை பலம் என்பது எங்கள் நம்பிக்கை. உன்னை வயிற்றில் வைத்திருந்தபோது அம்மாவும் அதைத்தான் தின்றாள். என் மகள் கடல் கடந்து கிடக்கிறாள் என்பதற்காக அவளுக்கு உள்ள பங்கு இல்லாமல் போகுமா என்று, அந்த மாதம் விழுந்ததிலேயே பெரிய சுறாவை அறுத்து உப்புப் போட்டுக் காயவைத்து, லீவுக்கு வந்திருந்த உன் சிநேகிதியின் பெட்டியில் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க நானே அடுக்கிக் கொடுத்தேன். கஞ்சியும் சுறாக் கருவாடும் மட்டும்தான் வயிற்றில் தங்குகிறது, தினமும் அதுதான் என்று நீ சொன்னபோது ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமையடித்தேன்.

அப்புறம் போன மாதம் நீ கூப்பிட்டு, ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார்கள், சுறா என்றதும் இனி அதைத் தொடக்கூடாது, பாதரசம் இருக்கும் என்று சொல்லி, சோதிக்க ரத்தம் எடுத்திருக்கிறார்கள் என்றாய். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. முள்ளைக்கூட எடுக்கத் தெரியாதவர்கள் நம் மீனைப் பற்றிப் பேசுகிறார்களா என்று கத்தினேன். நீ அப்போதும் என்னைச் சமாதானப்படுத்தத்தான் பார்த்தாய். எனக்கு ஒண்ணும் இல்லப்பா, நான் நல்லாத்தான் இருக்கேன் என்றாய். அந்தச் சொல்லைக் கேட்டு அன்றைக்கு எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் பங்குக் கோயில் மண்டபத்தில் மீனவர் சங்கம் ஒரு கூட்டம் போட்டது. டாக்டர் பிரிஜா என்று ஒரு பெண் பேச வந்தாள், நம் கடற்கரையில் பிறந்து படித்தவள்தான். பாதரசத்தைப் பற்றி என்று கேள்விப்பட்டு, இரண்டு கேள்வி கேட்டு மடக்கிவிடுவது என்றே போனேன். அவள் ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரைப் பற்றிச் சொன்னாள். அதுவும் மீன்பிடிக்கிற ஊர்தானாம். ஒரு தொழிற்சாலை வருஷக்கணக்காகப் பாதரசக் கழிவைக் கடலில் விட, அது மீனுக்குள் போய், மீனைத் தின்ற பூனைகள் சுழன்று சுழன்று செத்தனவாம், பிறகு மனிதர்களுக்குக் கைகால் நடுங்கியது, பேச்சு குழறியது. அங்கே மட்டுமில்லை, இன்றைக்கும் நிலக்கரிப் புகையிலிருந்தும் தங்கம் பிரிக்கிற இடங்களிலிருந்தும் பாதரசம் எங்கெங்கோ கிளம்பிக் கடலில் வந்து விழுகிறதாம். சின்ன மீன் தின்றதெல்லாம் அதைத் தின்னும் பெரிய மீனில் சேர்ந்து, வயசான பெரிய சுறாவில் நிறைய நிற்குமாம். சுறாவின் வயிற்றை அறுத்துப் பார்த்தவனுக்கு இதை விளக்கவா வேண்டும், எத்தனை மீனை அதற்குள் கண்டிருக்கிறேன். ஆனாலும் விடவில்லை. அப்போ நாங்க மீன் திங்காண்டாமா, பட்டினி கெடக்கணுமா என்று எழுந்து நின்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. மீன் திங்காண்டாம்னு சொல்ல நான் வரல்ல மாமா, மீனுக்க உள்ள விசத்தக் கொண்டுபோடியவன நிறுத்தணும், அது நடக்கியது வர வயித்தோட இருக்கிய பிள்ளையளு பெரிய சுறாவ வுட்டுட்டு சாளையும் நெத்திலியும் தின்னட்டும் என்றாள்.

அதோடு உட்கார்ந்திருப்பேன். அதன் பிறகு அவள் சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது. அந்த ஊரில் தாய்மார் பலர் நோயில்லாமல் நன்றாக இருந்தார்களாம், பிறந்த பிள்ளைகளுக்குத்தான் தலை நிற்கவில்லையாம், பேச்சு வரவில்லையாம். தாயின் உடம்பில் இருந்த விஷம் வயிற்றுப் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். நான் நல்லாத்தான் இருக்கேன் என்று நீ சொன்னது அப்போது காதில் வந்து மோதியது. மண்டபத்திலிருந்து வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. அம்மாவிடம் சொல்லவில்லை, ஆனால் அவளிடம் எதை மறைக்க முடியும், சோற்றை அளைந்துகொண்டு இருந்ததைப் பார்த்தே பிடித்துவிட்டாள். இரண்டு பேரும் அதன் பிறகு உன் போனை எடுக்கவே பயந்தோம். மணி அடித்தால் நீ எடு நீ எடு என்று ஒருவர் மேல் ஒருவர் தள்ளினோம்.

சென்ற செவ்வாய் ஒரு பெரிய சுறா விழுந்தது. நம் போட்டில் வேலை செய்யும் கிளீட்டஸின் மருமகள் ஸ்மிதா ஐந்து மாதம், அதனால் அவன் வழக்கம்போலக் கத்தியை எடுத்துக்கொண்டு வயிற்றுத் துண்டை அறுக்க வந்தான். வேண்டாம் என்று தடுத்தேன். ஒனக்க மவளுக்கு மட்டும் சீமைக்கு அனுப்புவ, எனக்க மருமவளுக்குத் தரமாட்டியா என்று கடற்கரையில் எல்லாரும் கேட்கக் கேட்டான். நான் அனுப்பியதையும் நீ ரத்தம் கொடுத்ததையும் முடிவு இன்னும் வரவில்லை என்பதையும் சொன்னேன். அவன் கத்தியை மணலில் குத்தி வைத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டான். ஸ்மிதாவுக்கு ஒரு கூடை சாளை கொடுத்தனுப்பினோம். ஏசுஅடிமை கிழடாகிக் கஞ்சனாகிவிட்டான் என்று என்னைப் பற்றி அவள் தாய் சொன்னாளாம், சொல்லிவிட்டுப் போகட்டும். ஏலத்தில் போன அந்தத் துண்டு எந்த வீட்டுக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் மனம் சரியில்லை. டாக்டரின் கூட்டம் எல்லாக் கடற்கரை ஊரிலும் நடக்கட்டும் என்று சங்கத்தில் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஜப்பான் ஊரின் பெயரிலேயே உலக நாடுகள் எல்லாம் ஒரு ஒப்பந்தம் செய்திருக்கின்றனவாம், நம் நாடும் செப்டம்பர் கடைசியில் கையெழுத்துப் போட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னாள். புதிதாகப் பாதரசச் சுரங்கம் தோண்டக்கூடாது, புகையைக் கட்டுப்படுத்த வேண்டும், ஜுரம் பார்க்கிற குழலிலும் பிரஷர் மெஷினிலும் பாதரசம் இல்லாமல் ஆக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறதாம். கையெழுத்தில் கடல் சுத்தமாகிவிடுமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். உடனே ஆகாது, இன்னும் நிறைய நாடுகள் உறுதி செய்ய வேண்டும், கடலில் கலந்தது குறைய வெகுகாலம் ஆகும் என்று அவள் மறைக்காமல் சொன்னாள். எனக்கு அதுவே பெரிது, லீமா மக்களே. நாம் கொட்டாத ஒன்றுக்காக எங்கோ யாரோ கூடி உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள் அல்லவா. உன் பிள்ளை தன் பிள்ளையைச் சுமக்கும் காலத்திலாவது எங்கள் போட்டுச் சுறாவைப் பயமில்லாமல் தின்னட்டும்.

சுறாவை நிறுத்தினால் ரத்தத்தில் உள்ள பாதரசம் இரண்டு மாதத்தில் பாதியாகக் குறைந்துவிடும் என்று உன் டாக்டர் சொன்னதை நம்புவோம். மீனையே விட்டுவிடாதே, அங்கே கிடைக்கிற சின்ன மீனாகப் பார்த்து வாங்கு. பிரசவத்துக்குப் பின் பால் ஊற பால்சுறாப் புட்டு இல்லாமல் எப்படி என்று அம்மா ஒரு நாள் முழுக்கப் புலம்பினாள், சின்னச் சுறாவானாலும் இந்த முறை வேண்டாம், டாக்டரைக் கேட்டுப் பிறகு பார்க்கலாம் என்று நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாக உனக்கு அனுப்பப் பூண்டும் நெத்திலியும் கட்டி வைத்திருக்கிறாள். படி ஏறும்போது பார்த்து ஏறு, லிஜோவிடம் சமையலைக் கொடுத்துவிட்டு நீ படுத்துக்கொள், அவன் தீய்த்தாலும் தின்று வை.

மாதா உன்னையும் உன் பிள்ளையையும் தன் சேலைத் தலைப்புக்குள் வைத்துக் காக்கட்டும், சுகமாகப் பெற்று இரண்டு உயிராக எழுந்திரு. இன்னும் ஒன்று இருக்கிறது. நீங்க அனுப்பினத எறிய மனசு வரல்லப்பா, மிச்சம் பிரீசர்ல இருக்கு என்று வெள்ளிக்கிழமை அம்மாவிடம் சொன்னாயாம். கடலிலிருந்து வந்ததை வீணாக்கக்கூடாது என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தோம், நீ அதை எறியமாட்டாய், பக்கத்து வீட்டு மலையாளத்துப் பிள்ளைக்குத் தூக்கிக் கொடுப்பாய் என்று எனக்குத் தெரியும். கொடுக்காதே, அவளும் யார் கண்டது, உன்னைப் போல முழுகாமல் இருக்கலாம். இதைப் படித்து முடித்ததும் எழுந்து போ. அது அப்பா பிடித்த சுறா, அப்பா உப்பிட்டது, அப்பாவே சொல்கிறேன், குப்பையில் போடு மக்களே.

உன் அப்பா,
ம. ஏசுஅடிமை