பின்சக்கரம் மட்டும்

என்னங்க,

வணக்கம். உங்க இருமல் நின்னுச்சா? அத்தை முழங்கால் வலி எப்படி இருக்கு? நான் கல்லு மாதிரி இருக்கேன்.

சைக்கிளுக்குத்தான் அடி. மேட்டு வீட்டு நோயாளிக்கு ஊசி போட்டுட்டு இறங்கும்போது பள்ளத்துல விட்டுட்டேன். பின்சக்கரம் கோணிப்போச்சு. எனக்கு முழங்கையில லேசான சிராய்ப்பு, அவ்வளவுதான்.

"பொம்பளைக்கு எதுக்கு மலை சைக்கிள்? வித்துட்டு பஸ்ல வா"ன்னாங்க எங்க பெரிய நர்ஸம்மா. பஸ் மேட்டுக்குக் கீழேயே நின்னுடும். நோயாளி எழுந்து இறங்கி வருவாரா? விக்க மாட்டேன்னுட்டேன்.

சைக்கிள் கடைக்காரர் பளபளன்னு ரெண்டு சக்கரத்தை நீட்டி, "ஜோடியா மாத்துங்க, இறகு மாதிரி இருக்கும்"னார். இருக்கிற காசுக்கு இறகு எதுக்கு? பாரமெல்லாம் பின்னாடிதானே இறங்குது, பின்சக்கரம் மட்டும் போதும்னேன். மூலையில தூசியோட கிடந்த ஒண்ணைக் காட்டினேன். கெட்டி ரிம், நெருக்கமா முப்பத்தாறு கம்பி.

"அது கனம்மா. பார்க்கவும் நல்லா இருக்காது."

"நானும் அப்படித்தான். உடைஞ்சா போயிட்டேன்?"

அதையே மாட்ட வச்சேன். பின்னாடி கேரியரும்தான்.

செயின் துடைக்க உங்க பழைய பனியன் ஒண்ணு அனுப்புங்க. துவைக்க வேண்டாம். டூட்டிக்கு நேரமாச்சு, முடிச்சுக்கிறேன்.

உங்க பொண்டாட்டி

சொல்ல மறந்துட்டேன். எத்தனை கிலோ தாங்கணும்னு கடைக்காரர் கேட்டார். சொன்னதும் என்னை மேலயும் கீழயும் பார்த்துச் சிரிச்சார். சிரிக்கட்டும். உங்க எடையையும் சேர்த்துத்தான் சொன்னேன்.