யார் வீட்டுக் கை

கல்லறைத் தோட்டத்து வேப்பமரத்தடியில் சுகமாகப் படுத்திருக்கும் என் அக்காவுக்கு, இங்கே குதிரை லாயத்தில் உன் பள்ளிக்கூடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் உன் தங்கை எழுதுகிறேன்.

இன்று மண்டிக்காரர் வீட்டு மருமகள் வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு அவருடைய பேரனும் வந்தான். ஆமாம், அதே மண்டிக்காரர்தான், உன்னைக் கொன்றவர். ஆஸ்பத்திரியில் கபஜுரம் என்றார்கள். அவர்கள் படித்தவர்கள், சொல்லட்டும். உன் வியாதியை எனக்கு நேரிலேயே தெரியும், அது பட்டு அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு ஆம்பூர்க் கடைத்தெருவில் அரிசி மண்டி நடத்துகிறது.

"புள்ளைய இங்க சேத்துக்கணும் டீச்சரம்மா" என்றாள். நான் உள்ளே வரச் சொல்லவில்லை. நல்ல வெயில். வெயிலிலேயே நிற்கவைத்தேன். கடைசியில் என்ன பதில் சொன்னேன் என்று சொல்கிறேன், பொறு. முதலில் திட்ட வேண்டியவர்களைத் திட்டி முடிக்கிறேன். நீ இருந்தால் "போதும்டி" என்று என் வாயைப் பொத்துவாய். இப்போது யார் பொத்துவது?

உனக்குத் தெரியாத கதையா? இருந்தாலும் எழுதுகிறேன். இந்த ஊர் ரொம்பச் சீக்கிரம் மறந்துபோகிறது. எட்டிப் பார்த்துப் படிக்கிறவர்கள் படிக்கட்டும், அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

தட்டார் வீட்டு லோகாம்பாள் ஒரு நாள் கன்னியின் பக்கத்திலிருந்து சிலேட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? "டீச்சர், இவ மேல தோல் நாத்தம் அடிக்குது." கன்னியின் அம்மா முனியம்மா தோல்ஷாப்பில் தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கிறவள். குடிசை பூராவும் அந்த வாசனைதான், பிள்ளைமேல் மட்டும் வராமல் இருக்குமா? நான் பிரம்பைத் தேடினேன். நம்ம அப்பா அதே தோல்ஷாப் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நம்மை வேலூருக்கு அனுப்பிப் படிக்கவைத்தவர். அந்த நாற்றத்தில்தான் நாம் இரண்டு பேரும் டீச்சர் ஆனோம். லோகாம்பாளின் முதுகில் அதை எழுதிவைக்க எனக்குக் கை துறுதுறுத்தது.

நீ என்னைத் தள்ளிவிட்டு அவள் முன்னால் போய் உட்கார்ந்தாய். கையை நீட்டினாய். "என் கை இன்னா வாசனை அடிக்குது, சொல்லு."

"சாக்குக்கட்டி."

"உன் கை?"

அவள் முகர்ந்து பார்த்துவிட்டு, "கரி. அப்பா ஊதுலைக் கரி" என்றாள்.

"அப்ப நாத்தம்னு சொல்லாத. யார் வூட்டுக் கைன்னு சொல்லு." அவ்வளவுதான். அன்றைக்கே அது விளையாட்டு ஆகிவிட்டது.

அப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வீட்டாரைக் கூப்பிட்டாய். வெள்ளிக்கிழமை தோல்ஷாப் லீவு, யாரும் கூலி போகாமல் வரலாம் என்று கணக்குப் போட்டவள் நீ. வந்தவர் கையை நீட்ட வேண்டும். உன் பழைய சேலைக் கிழிசலால் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு பிள்ளை முகர்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் வகுப்பே கை தட்டி, "வாங்க வாங்க, நம்ம வூட்டுக் கை!" என்று கத்த வேண்டும். பிறகு வந்தவர் உட்கார்ந்து தன் வேலையைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச வேண்டும். ஜட்கா வண்டி காசிம் பாய் வந்த அன்றைக்கு அவர் மகள் மெஹருனே கண்ணைக் கட்டிக்கொண்டு, "இது எங்க அப்பா குதிரை!" என்றதும் மனுஷன் சிரித்துச் சிரித்துத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது.

முனியம்மா வந்ததுதான் எனக்கு மறக்கவில்லை. பிள்ளைகள் முகர்ந்து பார்த்து, "புளிக்கொழம்பு!" என்றார்கள். புளியும் சாம்பலும் போட்டுத் தோல் உரிகிற அளவுக்குக் கையைத் தேய்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

"ஏன் முனியம்மா இப்பிடிப் பண்ணிக்கினே?" என்று கேட்டாய்.

"எம் புள்ளைக்கு அவமானமா பூடும்மா" என்றாள்.

"கழுவாம வா" என்று திருப்பி அனுப்பினாய். அடுத்த வெள்ளிக்கிழமை வந்தாள். லோகாம்பாள்தான் கண்ணைக் கட்டிக்கொண்டிருந்தாள். "ஆவாரம்பட்டை!" என்று அவள் கத்தியதும் முனியம்மா அழுதுவிட்டாள். லோகாம்பாளின் அம்மா அன்றைக்கு முனியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நம் பள்ளிக்கூடம் ஒரு குடும்பம் ஆகிவிட்டது என்று நீ நம்பினாய். நானும் நம்பித் தொலைத்தேன்.

பள்ளிக்கூடம் நடந்தது மண்டிக்காரர் கிடங்கில். அவர் ஊர்ப் பெரியவர்கள் சிலரோடு ஒரு வெள்ளிக்கிழமை வந்து நின்றார். "டீச்சரம்மா, தோல்ஷாப் பசங்கள தனியா உக்கார வைங்க. நம்ம ஜனங்க அந்த நாத்தத்துல உக்காரணும்னா ஒரே பேஜாரு."

நீ பதில் பேசியிருக்கலாம். வாய் இல்லாதவளா நீ? ஆனால் சிரித்துக்கொண்டே, "ஐயா, இங்க வந்தவங்க கை நீட்டணும், அதான் வழக்கம்" என்றாய். அவர் கையை நீட்டுவார், பிள்ளை அரிசி என்று சொல்லும், எல்லோரும் கை தட்டுவார்கள், மனுஷன் உருகிவிடுவார். உன் யோசனை அதுதானே? பைத்தியக்காரி அக்கா நீ. உருகுகிறவர்களையே பார்த்துப் பழகியவள்.

அன்றைக்குக் கன்னியின் முறை. கண்ணைக் கட்டிக்கொண்டு வந்து அவர் கையை இரண்டு கையாலும் பிடித்தாள். முகர்ந்தாள். "மேலாக்க அரிசித் தவிடு கீது" என்றாள். மண்டிக்காரர் தலையை ஆட்டினார். அத்தோடு அவள் விட்டிருக்கலாம். ஆனால் நம் பிள்ளைகளை அரைகுறையாகச் சொல்லப் பழக்கவில்லையே நீ. மறுபடியும் மூக்கை வைத்து அழுத்தி முகர்ந்தாள்.

"உள்ள பச்சைத் தோலு! உப்புப் போட்ட ஆட்டுத் தோலு! டீச்சர், எங்க அம்மா கை மாதிரியே கீது!"

அந்த முகத்தில் எத்தனை சந்தோஷம், அக்கா! இவ்வளவு பெரிய மனுஷர் நம்ம வீட்டு ஆள்தான் என்று கண்டுபிடித்த சந்தோஷம். பிள்ளைகள் எல்லோரும் கை தட்டினார்கள். "வாங்க வாங்க, நம்ம வூட்டுக் கை!" என்று கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தினார்கள்.

அவர் மச்சான் பெயரில் தோல் வியாபாரத்தில் பணம் போட்டிருந்தது ஊருக்கே தெரியும். விடியற்காலையில் மண்டிக்குப் பின்னால் ஒவ்வொரு தோலாகத் தூக்கித் தடவிப் பார்த்து வாங்குவார். குளித்துவிட்டு அத்தர் பூசிக்கொண்டு கடையில் உட்காருவார். தெரிந்தும் யாரும் சொல்லமாட்டார்கள், அதுதான் ஊர் மரியாதை. அந்த மரியாதை கன்னிக்குத் தெரியாது. அவளுக்கு மூக்குதான் தெரியும்.

மண்டிக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. "கெட்டிக்காரப் பொண்ணு" என்று சிரித்தார். கன்னியின் தலையைத் தடவினார். தடவிய கையை அங்கவஸ்திரத்தில் துடைத்துக்கொண்டார். திங்கட்கிழமை நாம் போனபோது கிடங்கில் பூட்டுத் தொங்கியது.

அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டால் சாவி தருகிறேன் என்று சொல்லியனுப்பினார். நீ முடியாது என்றாய். அப்புறம்தானே வந்தார்கள், உன் குடும்பத்தார்! உன் வெள்ளிக்கிழமைச் சொந்தங்கள்! எல்லோருக்கும் முன்னால் லோகாம்பாளின் அம்மா. "ஒரு பொண்ணுதானே டீச்சரம்மா, அனுப்பிட்டா இன்னா? இத்தினி புள்ளைங்க தெருவுல நிக்குது."

"இன்னிக்கு கன்னி. நாளைக்கு யாருன்னும் இப்பவே சொல்லிடுங்க, வசதியா இருக்கும்" என்றாய்.

மறுநாள் லோகாம்பாள் வரவில்லை. அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். முனியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கை, அக்கா! எதில் கழுவினாளோ.

காசிம் பாய் மட்டும் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "ஒரு குதிரை செத்துப் பூட்ச்சும்மா. பாதி லாயம் காலியா கீது. நாத்தம்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

அந்த நிலைமையிலும் உனக்குச் சிரிப்பு வந்தது. "நாத்தம்னு சொல்லக் கூடாது பாய். யார் வூட்டு வாசனைன்னு சொல்லணும்."

லாயத்தில் தொடங்கினோம். கன்னி முன்வரிசையில் உட்கார்ந்தாள். அங்கேயாவது விட்டார்களா? முனியம்மாவுக்கு வேலை நின்றது. மண்டிக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மேஸ்திரி நிறுத்திவிடுவான். பிள்ளையை நிறுத்து, உனக்கு வேலையும் வரும், பள்ளிக்கூடத்துக்குச் சாவியும் வரும் என்றார்கள். முனியம்மா உன்னிடம் கேட்கவே இல்லை. "எங்களால இத்தினி பேருக்குக் கஷ்டம் வாணாம்மா" என்று மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கன்னியைச் சுண்ணாம்புத் தொட்டி வேலையில் சேர்த்தார்கள். தோலில் முடி உதிர்க்கிற தொட்டி. பெரியவர்களே மூக்கில் துணி கட்டிக்கொண்டு நிற்கிற இடம்.

சாவி வந்ததா? எங்கே வரும்? அந்தக் கிடங்கில் இப்போது வெளிப்படையாகவே தோல் அடுக்கியிருக்கிறார். பேர்தான் கெட்டுவிட்டதே, இனி என்ன மறைப்பு?

நீ தினமும் காலையில் தோல்ஷாப் வாசலுக்குப் போய் நின்றாய். "கன்னி, வர்றியா?" என்று கூப்பிட்டாய். மேஸ்திரி விரட்டினான். மறுநாளும் போனாய். அடைமழையிலும் போனாய். ஈரச் சேலையோடு வந்து அப்படியே பாடம் நடத்தினாய். நான் கத்தினேன், கேட்டாயா? நெஞ்சில் சளி கட்டி, வேலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் போகும்போதும் "இன்னிக்கு யாருடி அவளக் கூப்பிடப் போறது?" என்றுதான் கேட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

உன் அடக்கத்துக்கு லோகாம்பாளின் அம்மா வந்தாள், தெரியுமா? முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு தூரத்தில் நின்றாள். கன்னி வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்தாள். மண்ணை அள்ளிப் போட்ட அந்தக் கை முழங்கை வரைக்கும் வெள்ளை வெளேரென்று வெந்திருந்தது.

இப்போது மருமகளிடம் வருகிறேன். "பெரிய ஸ்கூல்ல எல்லாரும் இவனப் பாத்தா மூக்கப் புடிச்சிக்கிறாங்க டீச்சரம்மா. தோல் மண்டி, தோல் மண்டின்னு கூப்புடுறாங்க. இவன் வூட்டுக்கு வந்து சாம்பல் போட்டுக் கையத் தேய்ச்சிக்கினே கீறான். மாமாவுக்குத் தெரியாம இட்டாந்தேன்."

பையனின் கையைப் பார்த்தேன். முனியம்மா அன்றைக்குத் தேய்த்துக்கொண்டு வந்தாளே, அதே மாதிரி தோல் உரிந்து சிவந்திருந்தது. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷமாக இருந்தது. நன்றாக வேண்டும் என்று இருந்தது. ஏழு வயதுப் பிள்ளையின் கையைப் பார்த்து அப்படி நினைத்தேன். "உங்க மாமனார் பூட்டின கிடங்கு இன்னும் அங்கதான கீது? அங்கயே போய் உக்காரச் சொல்லுங்க" என்றேன். அவள் போகவில்லை. பையன் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான்.

உள்ளேயிருந்து பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். "டீச்சர், புதுப் பையன்! கண்ணக் கட்டணும்!" என்று ஒரே கூச்சல். உன் பிள்ளைகள் அல்லவா, யார் பேரன் என்று கேட்கத் தெரியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மெஹருனின் முறை. இன்று வெள்ளிக்கிழமை, தோல்ஷாப் லீவு; இந்த ஒரு நாள் மட்டும் வருகிற பெண் ஆயிற்றே என்று முறையைக் கன்னிக்கு விட்டுக்கொடுத்தாள்.

கன்னி கண்ணைக் கட்டிக்கொண்டு அவன் கையை இரண்டு கையாலும் பிடித்தாள். சொல்லிவிடுவாள், தாத்தாவுக்குச் சொன்ன அதே வார்த்தையை. சொல்லட்டும் என்றும் ஒரு பக்கம் இருந்தது.

முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். கையைத் திருப்பி உள்ளங்கையில் மூக்கை வைத்து அழுத்தினாள்.

"தெரியல டீச்சர்."

"நல்லா பாரு கன்னி" என்றாள் மெஹருன்.

"ஒண்ணுமே தெரியல. ரொம்ப நாளா சோத்து வாசனகூட தெரியறதில்ல எனக்கு. தொட்டி வேலை பண்ணா அப்பிடித்தான் ஆவுமாம்."

ஊரிலேயே கெட்டிக்கார மூக்கு, அக்கா. சுண்ணாம்பு தின்றுவிட்டது. ஒரு பிள்ளையும் கை தட்டவில்லை.

அந்தப் பையன் சிரித்தான். தன் கையில் நாற்றம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, உரிந்துபோன இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துச் சிரித்தான்.

கன்னி கண்கட்டை அவிழ்க்காமலே, "வா, நம்ம வூட்டுக் கைதான்" என்று தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். நான் வெளியே போய்க் குதிரைக்குப் பின்னால் நின்று அழுதேன். வந்து மருமகளிடம், "நாளைக்குப் பலகை குடுத்து அனுப்புங்க" என்றேன். இதுதான் என் பதில்.

பையனை வைத்துக்கொள்கிறேன். அவன் தாத்தாவை மன்னிக்கமாட்டேன். அது உன் வேலை, அங்கே ஆண்டவரிடம் நீயே பேசிக்கொள். நாளைக் காலையில் தோல்ஷாப் வாசலில், நீ நின்ற அதே இடத்தில் நான் நிற்பேன். கன்னியை வெளியே விடுகிற வரைக்கும் தினமும் நிற்பேன். மழைக்காலம் வரப்போகிறது. வேப்பமரத்தடியில் உன் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு வை.

நீ வாயைப் பொத்தாமல் விட்டுப்போன,
உன் தங்கச்சி ரோசம்மா