வசந்தா சாப்பிடுவதை நான் பார்த்தது

11 மே 1977, புதன்

வெயில் உண்டு, சூடு இல்லை. காலை 12 டிகிரி என்று ரேடியோ. இரண்டு பனியன், மேலே சட்டை, அதற்கு மேல் அண்ணனின் ஸ்வெட்டர்.

சிட்னி வந்து இரண்டாம் நாள். காது இன்னும் அடைத்திருக்கிறது. விமான நிலையச் சோதனையில் பறிகொடுத்தவை: மாவடு ஒரு பாட்டில், நெத்திலிக் கருவாடு, கறிவேப்பிலை, முறுக்கில் பாதி. ஏன் பாதி என்று தெரியவில்லை. தப்பியவை: புளி, மிளகாய்த்தூள், மீதி முறுக்கு.

வீடு மாரிக்வில் என்ற இடத்தில். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். பக்கத்து வீட்டுக்காரர் இருமுவது நம் வீட்டில் இருமுவது போலக் கேட்கிறது. தலைக்கு மேலே ஓயாமல் விமானம்.

என் மனைவி வசந்தா (இனி வ.) காலை ஆறரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் மாலை ஐந்து. மயக்க மருந்துப் பிரிவு. இரண்டு வருடப் பயிற்சி, ஜூனில் முடிகிறது. வீட்டில் கூட இருப்பவள் சுமாலி. தாய்லாந்துக்காரி, அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். என்னைப் பார்த்ததும் கை கூப்பினாள். நானும் கூப்பினேன். மெட்ராஸை விட்டபின் கிடைத்த முதல் கும்பிடு. மனசுக்கு இதமாக இருந்தது.

கல்யாணமாகி நான்கு வருடம். இரண்டு வருடம் உறையூர் வீட்டில், இரண்டு வருடம் ஏர்மெயிலில். கிளம்பும்போது அம்மா ரயிலடியில் சொன்னது: "போனமா, கூட்டிட்டு வந்தமான்னு இருக்கணும். ஊரைச் சுத்திப் பாத்துக்கிட்டு நிக்காத." லீவு நான்கு வாரம். கால்வாய் எஸ்டிமேட் ஆபீஸ் மேஜையில் பாதியில் கிடக்கிறது.

வ.விடம் எப்போது கிளம்புவது என்ற பேச்சை இன்னும் எடுக்கவில்லை. நாளை.

12 மே, வியாழன்

மானம் கப்பலேறியது. சுமாலி சமையல். மேஜையில் மூன்று பேர், நடுவில் நான்கு கிண்ணம், ஆளுக்கு ஒரு தட்டில் சோறு. யாராவது குழம்பு ஊற்றுவார்கள் என்று நான் உட்கார்ந்திருந்தேன். விருந்தாளி முதலில் எடுக்கட்டும் என்று சுமாலி உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன், அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சோறு ஆறிப்போனது.

கடைசியில் வ. தான், "என்னங்க, எடுத்துக்குங்க. இங்க யாரும் பரிமாற மாட்டாங்க."

எடுத்தேன். நான்கு கிண்ணத்திலிருந்தும் ஒரே மூச்சில் அள்ளிச் சோற்றில் கொட்டிக் கரண்டியால் கலந்தேன். சுமாலி முகத்தில் ஈயாடவில்லை. ஒரு நேரத்துக்கு ஒன்று, ஒரு கரண்டி, அது முடிந்தபின் அடுத்தது, இதுதான் முறையாம். வ. பிறகு சொன்னாள். இதை முன்னாலேயே சொன்னால் என்ன? அதன்பின் தலை நிமிரவில்லை, தட்டைப் பார்த்தே சாப்பிட்டு எழுந்தேன்.

ஆனால் ருசி. அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பேச்சை எடுக்கவில்லை.

14 மே, சனி

மழைத் தூறல். வ.வுக்கு டியூட்டி. சுமாலி கடைக்குக் கூட்டிப் போனாள். ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து நடை, சீனர்கள் கடை வீதி. வாங்கியவை:

– பசையரிசி, பெரிய பை
– மீன் சாறு, ஒரு பாட்டில் (மூடியைத் திறந்து முகர்ந்தேன். திறந்திருக்கக்கூடாது)
– தேங்காய்ப்பால், டப்பாவில் அடைத்தது
– காய்ந்த சித்தரத்தை. ஊரில் இருமலுக்குக் கஷாயம் வைப்பது. இவர்கள் சூப்பில் போடுகிறார்கள்
– கேரட் நான்கு. மிளகாயோடு இடித்துச் செய்யும் ஒரு பதார்த்தத்துக்கு, பச்சைப் பப்பாளிக்குப் பதில்

பப்பாளி இங்கே கண்ணிலேயே படாது என்றாள். எலுமிச்சைப்புல்லைத் தகர டின்னில் வளர்க்கிறாள். கொத்தமல்லியும் அவளே விதைத்தது. கேரட்டில் செய்கிறோம் என்று அவள் அம்மாவுக்கு எழுதினாளாம், அம்மா பதிலில் அழுதாளாம். இரண்டு பேரும் சிரித்தோம். என் புளியைக் கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டு மறுபடி ஒரு கும்பிடு.

புளிப்பும் காரமுமாக ஒரு சூப், தொம் யாம் என்று பேர். நம் ரசத்துக்குப் பங்காளி. மூன்று கிண்ணம் குடித்தேன். அடைத்த காது திறந்துகொண்டது. கடவுள் சுமாலியை நன்றாக வைக்கட்டும்.

15 மே, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

வ.வுக்கு ஓய்வு. மதியச் சாப்பாடு பின்கட்டில், தரையில் பாய் விரித்து. சுமாலியின் ஊர்ப்பக்கம் அப்படித்தானாம். பசையரிசியைத் துணியில் கட்டி ஆவியில் வேகவைத்திருந்தாள். சுட்ட கோழி. கேரட்டை மிளகாயோடு இடித்த ஒன்று. கொத்துக்கறியில் எலுமிச்சை பிழிந்து, வறுத்து இடித்த அரிசி தூவிய ஒன்று. கரண்டி கிடையாது. கையால் சோற்றை உருட்டி, நடுவில் இருக்கும் கிண்ணத்தில் தொட்டுச் சாப்பிட வேண்டும். ஐந்து நாள் கழித்துக் கையால் சாப்பாடு. ஆனால் எல்லார் கையும் ஒரே கிண்ணத்தில். எச்சில். நான் தொட்ட இடத்திலேயே வ. தொட்டு வாயில் போட்டுக்கொண்டாள். யோசிக்கவே இல்லை.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். எதிரே வ. சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இதை நான் பார்த்ததில்லை. இங்கே வந்த பின்னும் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பந்தியில் பக்கத்தில் இருந்தாள், குனிந்த தலை, ஒரு வாய். உறையூர் வீட்டில் முதலில் அப்பா, அண்ணன், நான். அப்புறம் அண்ணன் பிள்ளைகள். அம்மா, அண்ணி, வ. எல்லாம் பிறகு, சமையற்கட்டில், நான் ஆபீஸ் போனபின்னோ படுத்தபின்னோ. ஒரே ஒரு தடவை மதுரையில் ஓட்டல், அங்கேயும் பெண்கள் தனி மேஜை.

இடது பக்கமாக அடக்கி மெல்லுகிறாள். காரம் ஏறினால் மூக்கின் மேல் வியர்வை. பச்சை மிளகாயை அப்படியே கடிக்கிறாள். கோழி எலும்பை உடைத்து, உறிஞ்சி, திருப்பி, மறுபடி உறிஞ்சினாள். வாய் ஓயாமல் சுமாலியோடு பேச்சு, நடுவில் ஒரு பெரிய சிரிப்பு. நன்றாகச் சாப்பிடுகிற பெண். எனக்குத் தெரியாது.

"என்னங்க பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல. காரம்."

கண்ணில் நீர் வந்ததற்கு மிளகாய் ஒரு காரணமாகக் கிடைத்தது.

18 மே, புதன்

காற்று. கொடியில் போட்ட வேட்டி பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. இருமல்காரர் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். மேஜை விரிப்பு என்று நினைத்தாராம். நல்ல மனிதர்.

மாலை வ. துணி மடிக்கும்போது கேட்டேன், மூன்று நாளாக நெஞ்சில் கிடந்ததை.

"நம்ம வீட்ல ஞாயித்துக்கிழமை கறி எடுப்போமே. உங்களுக்கெல்லாம் என்ன மிஞ்சும்?"

அவள் யோசித்தாள். குறை சொல்லும் குரலே இல்லை. "குழம்பு இருக்கும்ங்க."

தூக்கம் பிடிக்கவில்லை.

22 மே, ஞாயிறு

தெளிந்த வானம். டவுனில் புதிதாக ஒரு தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடை. சுமாலிக்குத் தெரிந்தவர் நடத்துவது, ஆறு மேஜை. பக்கத்து மேஜையில் ஒரு வெள்ளைக்காரர் பரிமாறுகிறவளிடம், "இதெல்லாம் சீனச் சாப்பாடுதானே? ரொட்டியும் வெண்ணெயும் கிடையாதா?" அவர் மனைவி அவர் காலை மிதித்தது எனக்குத் தெரிந்தது.

வ. தான் எல்லாவற்றுக்கும் ஆர்டர் கொடுத்தாள். பச்சைக் குழம்பு, தேங்காய்ப்பாலில் கோழி. வாழைப்பழம் பொரித்தது. எனக்குப் பிடித்ததை என்னைக் கேட்காமலே சரியாகச் சொன்னாள். நான் கோழிக்காலை அவள் பக்கம் தள்ளினேன். ஏதோ கேட்க வந்தவள், கேட்காமல் எடுத்துக்கொண்டாள்.

பேச்சை எடுத்துவிடலாம் என்று, "ஜூன்ல முடிஞ்சதும்..." என்று ஆரம்பித்தேன்.

"டிக்கெட் போட்டாச்சுங்க. நீங்க போற அதே விமானம். பயிற்சியில கடைசி ரெண்டு வாரத்தை ஆஸ்பத்திரியில விட்டுக் குடுத்துட்டாங்க."

வந்த காரியம் நான் வாயைத் திறக்காமலே முடிந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும். வாழைப்பழம் இறங்கவில்லை.

24 மே, செவ்வாய்

வ. வேலைக்குப் போனபின் சுமாலி எனக்கு மட்டும் டீ போட்டுக் கொடுத்து எதிரே உட்கார்ந்தாள். ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்:

"கோபிக்க வேண்டாம். ஒன்று சொல்கிறேன். பெரிய டாக்டர் அவளுக்கு இன்னும் இரண்டு வருடம் வேலை கொடுத்தார். குழந்தைகளின் அறுவைக்கு மயக்கம் கொடுக்கும் வேலை. அவளுக்கு அதுதான் ஆசை. நீங்கள் வருவதாகக் கடிதம் வந்தது. மறுநாள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்."

இடம் இன்னும் காலியாகவே இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை வேறு ஆளுக்கு எழுதிவிடுவார்களாம்.

"நான் சொன்னேன் என்று சொல்லுங்கள். பரவாயில்லை," என்றாள்.

பகல் முழுக்க மாரிக்வில் தெருக்களில் நடந்தேன். ஊரில் இருக்கும் அம்மா மேல் கோபம், வ. மேல் கோபம், என் மேல் கோபம். யார் மேல் அதிகம் என்று கணக்குப் போட வரவில்லை.

25 மே, புதன்

சண்டை. சுமாலி வேண்டுமென்றே சினிமாவுக்குப் போய்விட்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?"

வந்துவிடு என்றுதான் சொல்லியிருப்பேன். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"கூட்டிட்டுப் போக வர்றேன்னு எழுதியிருந்தீங்க. அவ்வளவு தூரம் வந்து நிக்கிற மனுசனை வெறுங்கையோட எப்படிங்க அனுப்புறது?"

"உனக்கு ஆசையா இல்லையா? அதைச் சொல்லு."

"ஆசைதான்," என்றாள். இவ்வளவு சின்னக் குரலில் பேசும் பெண்ணில்லை, இந்தப் பதினைந்து நாளில் நான் பார்த்தவள்.

"அப்ப போய் மாத்தி எழுதிக் குடு."

"அத்தை?"

"அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

"நீங்க?"

அதற்குத்தான் சிரமப்பட்டேன். இன்னும் இரண்டு வருடம் ஏர்மெயில் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகள்தான் மோசம். சம்பளமில்லா லீவு கேட்டு இங்கே வந்து இருக்கப் பார்க்கிறேன் என்றேன், தருவார்களோ மாட்டார்களோ. தராவிட்டாலும் ஊரில் தனியாக இருந்துகொள்வேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்தாள். பிறகு இரண்டு பேரும் மீதியிருந்த பசையரிசிச் சோற்றைச் சுடவைத்து, மீன் சாற்றில் தொட்டுத் தின்றோம். அந்த நாற்றத்துக்கு மூக்கு பழகிவிட்டது.

26 மே, வியாழன்

மழை. அம்மாவுக்குக் கடிதம். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். முதலாவதில் பொய் இருந்தது, இரண்டாவதில் கோபம், மூன்றாவதில் தத்துவம். நான்காவது:

"வசந்தாவுக்கு இங்கே பெரிய வேலை கிடைக்க இருக்கிறது. அவள் வேண்டாம் என்றாள், நான்தான் இருக்கச் சொன்னேன். திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டுங்கள். உடம்பு நன்றாக இருக்கிறது. இனிமேல் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நினைக்கிறேன். வந்து பேசுகிறேன்."

கடைசி இரண்டு வரியை அடிக்கலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. ஒட்டித் தபால் பெட்டியில் போட்டாயிற்று. இனி எடுக்க முடியாது.

சுமாலியிடம் நன்றி சொன்னேன். "எதற்கு? சமையலுக்கா?" என்றாள். எல்லாவற்றுக்கும் என்றேன்.

27 மே, வெள்ளி

ஆஸ்பத்திரி வாசலில் பெஞ்சு. வெயில், குளிர்காற்று. வ. உள்ளே போய் நாற்பது நிமிடம். பெரிய டாக்டர் அறுவை அறையில், வந்ததும் பார்ப்பாராம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பார்களா என்று யாருக்கும் தெரியவில்லை.

பெஞ்சில் பக்கத்தில் ஒரு கிழவி, காலில் கட்டு. யாருக்காகக் காத்திருக்கிறாய் என்றாள். மனைவிக்கு என்றேன். உடம்புக்கு என்ன என்றாள். அவள்தான் டாக்டர் என்றேன். "நல்ல அதிர்ஷ்டக்காரன்," என்றாள். ஆமாம் என்றேன். உண்மை அதுதான்.

ஐம்பது நிமிடம். ஒரு மணி.

வருகிறாள். முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. நடையும் அதே நடை.

வந்து உட்கார்ந்தாள். கிழவிக்கு வணக்கம் சொன்னாள். பிறகு என்னிடம், "குடுத்துட்டாங்க. ஜூலைல இருந்து," என்றாள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"எழுதினது போதும்ங்க. எனக்குப் பசிக்குது," என்கிறாள். நான்கு வருடத்தில் அவள் வாயால் இதைக் கேட்பது இதுதான் முதல் தடவை. நோட்டை மூடுகிறேன்.