தீவுக்கு நான் சொன்ன நேரம்

சான் மாலோ,
ஞாயிறு காலை

அன்பு மகள் நோல்வென்னுக்கு,

அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். இங்கே கோடை, அங்கே சாந்தியாகோவில் ஆகஸ்டிலும் குளிர்காலம் விடவில்லையாமே, நீயும் மாப்பிள்ளையும் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு மனசுதான் சரியில்லை. மாப்பிள்ளை, இங்கே எங்களிடம் வந்திருக்கும் தன் அப்பா அம்மாவின் பயணத்தைப் பாதியில் நிறுத்தி, இந்த வாரமே ஊர் திரும்ப டிக்கெட்டை மாற்றப்போகிறார் என்று நேற்று போனில் சொன்னாய். அவர்களுக்குத் தனியாகச் சுற்றத் தெரியவில்லை, தீவில் படம் எடுத்துக்கொண்டே நின்று கடலில் மாட்டிக்கொண்டார்கள் என்றாய். நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். வாயால் சொல்ல முடியாததைத்தான் இந்த மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

தப்பு அவர்களுடையது இல்லை, என்னுடையது. புதன்கிழமை எனக்கு நூலகத்தில் வேலை, அதனால் கடல் வற்றியிருக்கும்போது கிராண் பே தீவுக்கு நடந்து போய் வாருங்கள் என்று அனுப்பினேன், எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்பதையும், கடல் ஏறி இறங்கும் நேரம் போட்டிருக்கும் ஓத அட்டவணையைப் பார்த்து நானே சொன்னேன். கோடையில் ஊர்க் கடிகாரங்களை ஒரு மணி முன்னால் தள்ளி வைப்பதால், அதில் இருக்கும் நேரத்தோடு ஒரு மணி கூட்டிக்கொள்வது நம் வீட்டு வழக்கம், உனக்கும் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் இந்த வருஷம் அப்பா வாங்கி வந்த அட்டவணைப் புத்தகத்தில் அந்த ஒரு மணியைச் சேர்த்தே அச்சடித்திருக்கிறார்கள். நான் பழக்கதோஷத்தில் மறுபடியும் கூட்டிவிட்டேன். வெளியூர்க்காரர்கள் யாரும் இந்தத் தப்பைச் செய்யமாட்டார்கள்.

வேலை முடிந்து கடற்கரைக்கு வந்தபோது பாதை தண்ணீருக்கு அடியில் இருந்தது. அந்தப் பக்கம் இரண்டு பேரும் ஒரே சால்வைக்குள் நின்றிருந்தார்கள். இறங்காதீர்கள், அங்கேயே இருங்கள் என்று கையைக் காட்டினேன். நாயோடு நின்ற ஒருவர், "வருஷா வருஷம் இதே கூத்துதான் மேடம். எச்சரிக்கைப் பலகை எதுக்கு நட்டிருக்காங்க, என் நாய் காலைத் தூக்கவா?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் நோல்வென். பலகையைவிட என் பேச்சை நம்பித்தான் அவர்கள் போனார்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

கடல் மறுபடி வற்றி அவர்கள் கரை சேர்வதற்குள் இருட்டிவிட்டது. சம்பந்தியம்மா கிராசியேலாவின் உதடெல்லாம் நீலம். சூடாக சூப் கொடுத்து, எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் நடந்ததைச் சொன்னேன். சம்பந்தி எர்னான், "பையனுக்கு இது தெரிய வேண்டாம் சம்பந்தியம்மா. உங்க பொண்ணு நடுவுல கிடந்து சங்கடப்படும். நாங்க படம் எடுத்துக்கிட்டு நின்னுட்டோம்னு சொல்லிக்கிறோம்" என்றார். "இவர் கேமராவைத் தூக்கினார்னா கடல் வந்தாலும் தெரியாது, அவன் கட்டாயம் நம்புவான்" என்றாள் கிராசியேலா. சரி என்று தலையாட்டினேன். அப்போது அது நிம்மதியாகக்கூட இருந்தது.

மாப்பிள்ளை டிக்கெட்டில் கை வைப்பதற்கு முன் இதை அவருக்குப் படித்துக் காட்டு, பிறகு நானும் அவரோடு பேசுகிறேன். அவர்கள் செவ்வாய்க்கிழமை ஷார்த்ருக்குக் கிளம்பட்டும், அங்கிருந்து லுவார் கோட்டைகளுக்குப் போகட்டும். நான் சொன்னால் இனி நம்புவார்களோ என்னவோ, நீ சொல். கடைக்குள் நுழைந்ததும் முதலில் போன்ஜூர் என்று வணக்கம் சொல்ல வேண்டும், எர்னான் இங்கே பேக்கரியில் நேராக ரொட்டி கேட்டதற்கு அந்தப் பெண் அவர் பதில் சொல்லும்வரை போன்ஜூர், போன்ஜூர் என்று சொல்லிக்கொண்டே நின்றாளாம். மதியம் இரண்டு மணியானால் பல இடங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள், அதற்கு முன்பே சாப்பிட உட்கார வேண்டும், தண்ணீரை ஜாடியில் கேட்டால் காசு இல்லை. மியூசியம் எந்தக் கிழமை மூடியிருக்கும் என்பதை நீயே பார்த்துச் சொல்லிவிடு. ஷார்த்ர் கோவிலின் நீலக் கண்ணாடிகளை வெயில் நன்றாக அடிக்கும்போது பார்க்க வேண்டும். ஷாம்போர் கோட்டையில் பின்னிக்கொண்டு ஏறும் இரட்டைப் படிக்கட்டில் ஆளுக்கு ஒன்றில் ஏறச் சொல், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே போகலாம், இரண்டும் நடுவில் எங்கும் சேராததால் மேலே போய்ச் சேரும்வரை சண்டைதான் போட முடியாது.

இன்று காலை உணவின்போது கிராசியேலா, "அந்தத் தீவுக்கு இன்னொரு தடவை போலாம், இந்தத் தடவை நீங்களும் வாங்க" என்றாள். நாளைக்கு லீவு எடுத்திருக்கிறேன். நேரம் பார்க்கும் பொறுப்பை எர்னானிடம் விட்டுவிட்டேன். பாதையில் அவர்களுக்குப் பின்னால் நான் நடப்பேன்.

நீங்கள் இருவரும் குறையில்லாமல் வாழ வேண்டும். டிக்கெட் விஷயத்தை மறந்துவிடாதே.

உன் அம்மா,
அனெஸ்