பூஜை போட்ட வண்டி

தை மாதம், புதன் இரவு

பிக்கப் வண்டியின் ஸ்பிரிங் பட்டை முனைகளில் அதிர்வைத் தாங்கும், தேய்ந்துபோன ரப்பர் புஷ்களை என் வீட்டுக்காரர் இன்று வாசலிலேயே மாற்றினார். சோப்புத் தண்ணீர் தடவி அடித்ததும் எல்லாம் ஒழுங்காகத்தான் உள்ளே போயின.

வாங்கும்போதே கடைக்காரர் சொல்லியிருந்தார். "வண்டிய கீழ எறக்கி, வெயிட்டு வந்தப்பறம் போல்ட்ட டைட் பண்ணுங்க. இல்லன்னா ரப்பரு முறுக்கிக்கினு கிழிஞ்சிடும், அப்பறம் வளைவுல வண்டி ஒரு பக்கமா இழுக்கும்."

நான் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள், வண்டி ஜாக்கியில் நிற்கும்போதே போல்ட்டை முடுக்கிவிட்டார். இறக்கி, கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழத்தையும் நசுக்கியாகிவிட்டது.

"ஒருவாட்டி லூஸ் பண்ணி டைட் பண்ணிடுங்களேன்."

"பூஜ போட்ட வண்டில மறுபடி ஸ்பானர வெப்பாங்களா? இன்னா பேசற நீ?"

காலையில் மரவள்ளி பிடுங்க ஆள் ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போகிறார். பின்னால் நிற்கப் போகிறவர்களில் என் தங்கையும் ஒருத்தி. அந்த வளைவுகளில் ஒரு பக்கம் பள்ளம்தான்.

சாமிக்குப் பயப்படுகிற மனுஷன், ரப்பருக்குப் பயப்படவில்லை.

சாப்பிட்டதும் படுத்துவிட்டார். ஸ்பானரை எடுத்துப்போய் டிரைவர் சீட்டில் வைத்துவிட்டு வந்தேன். காலையில் அதைக் கையில் எடுக்காமல் அவரால் உட்கார முடியாது.