சூசைமேரியின் மந்திரப் பரீட்சை

சேசு மரி சூசை

சின்னச்சவேரியார்பட்டி,
விராலிமலை வழி
5-6-1963

அன்புள்ள பிரகதாம்பாள்,

நானும் என் டிஸ்பென்சரியும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். பதில் எழுதத்தான் கை வரவில்லை போலிருக்கிறது. இது மூன்றாவது கடிதம். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி படித்த ஆறு மாதமும் ஒரே அறையில் படுத்தோம். திக்குவாய்க்காரர்களைப் பார்க்கிற வேலையில் நமக்கு வேறு ஆள் துணை கிடையாது, மாதம் ஒரு கடிதம் எழுதி ஒருத்தி கேஸை ஒருத்தி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பிரியும்போது சொன்னவள் நீதான். உனக்கு அங்கே டாக்டர் இருக்கிறார், புத்தகம் இருக்கிறது. எனக்கு டிங்சரும் பஞ்சும் இருக்கின்றன. திக்குவாய்க்கு டானிக் கேட்டு வருகிறார்கள்.

இப்போது ஒரு கேஸ். பெயர் சூசைமேரி, வயது இருபத்திரண்டு, கூலிக்குக் கடலை பிடுங்கப் போகிறவள். சவரிநாதன் என்ற கொத்தனாருக்குப் பேசி முடித்திருக்கிறார்கள். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியாது. கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து ஊருக்கு அறிவித்த பிறகுதான் கல்யாணம். ஓலை வாசிக்குமுன் பெண்ணும் மாப்பிள்ளையும், கோவிலில் வேதபாடம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் முன்னால் தனித்தனியாக நின்று மந்திரங்களை, அதாவது எங்கள் செபங்களை, மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். சூசைமேரிக்கு அத்தனையும் தெரியும். வாய்தான் வராது. முதல் சொல்லிலேயே உதடு ஒட்டிக்கொள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும். ஒரு தடவை நின்று பார்த்துத் திரும்பி வந்துவிட்டாள்.

எட்டு வாரமாக என்னிடம் வருகிறாள். என்னோடு சேர்ந்து சொல்லும்போது ஓரிடத்திலும் தட்டுவதில்லை. சாயந்தரம் கோவிலில் எல்லாரோடும் செபமாலை சொல்லும்போது பக்கத்தில் நின்று கேட்டேன். தங்குதடையில்லாமல் வருகிறது. குணமாகிவிட்டது என்றே நினைக்கிறேன், அவளிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். 16ஆம் தேதி ஞாயிறு மந்திரம் கேட்கிறார்கள். அனுப்பலாமா? ஒரு வரி எழுது. வகுப்பில் முதலாவதாக வந்தவளுக்கு ஒரு வரி பாரமில்லை.

இப்படிக்கு,
மரிய செல்வி


உ

சென்னை
18-6-1963

செல்விக்கு,

உன் கடிதம் பத்தாம் தேதி கிடைத்தது. இங்கே ஒரு நாளைக்கு நாற்பது பேர் வருகிறார்கள். டாக்டருக்குக் காதும் மூக்கும் தெரியும். திக்குவாய் என்றால் சீட்டில் என் பெயரை எழுதித் தள்ளிவிடுவார். நான் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறேன் என்று உனக்கு யார் சொன்னது?

கேஸ் விஷயம். பலரோடு சேர்ந்து சொல்லும்போது எந்தத் திக்குவாய்க்காரருக்கும் அநேகமாகத் திக்காது. பாட்டிலும் திக்காது. அது குணமில்லை. பக்கத்துக் குரல் நின்றால் இவள் குரலும் நிற்கும். நீ காய்ச்சலில் கிடந்த வாரம் நடந்த பாடம் இது. என் நோட்டைத் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றாய். உன் குரலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அவளைத் தனியே சொல்லவிட்டு, பிறகு ஓர் ஆள், இரண்டு ஆள் என்று கேட்பவர்களைக் கூட்ட வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். ஞாயிற்றுக்கிழமை அனுப்பியிருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன்.

அடுத்த தடவை கேஸை ஒழுங்காக எழுது. எந்தச் சொல்லில், யார் முன்னால், எத்தனை தடவை திக்கினாள் என்பது வேண்டும். உங்கள் கோவில் பரீட்சை எனக்கு வேண்டாம்.

பிரகதாம்பாள்


சின்னச்சவேரியார்பட்டி
22-6-1963

பிரகதாம்பாளுக்கு,

அனுப்பிவிட்டேன்.

பூசை முடிந்து கோவில் வாசலில் நாற்காலி போட்டு உபதேசியார் குழந்தைசாமி உட்கார்ந்தார். சவரிநாதன் கடகடவென்று ஒப்பித்துவிட்டு ஒதுங்கினான். சூசைமேரி நின்றாள். நான் தூணோரம் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், என் உதடு அசையும் என்று பார்த்தாள். நான் வேண்டுமென்றே மூடிக்கொண்டிருந்தேன், குணமானவளுக்கு என் உதவி எதற்கு என்று. முதல் எழுத்து வரவில்லை. சுற்றி நின்ற பெண்கள் சிரிப்பை முந்தானையில் அடக்கினார்கள். உபதேசியார் அடக்கவில்லை. "மந்திரத்துக்கு ஒரு மாசம்னா, இந்தப் புள்ளைக்கு அறுவதாங் கல்யாணந்தான் நேரா" என்றார். அதற்குத்தான் கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. மாப்பிள்ளையின் தாய் சிரிக்கவில்லை. ஆகஸ்டு பதினைந்து மாதா திருநாளுக்குள் ஓலை வாசிக்காவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் சூசைமேரி டிஸ்பென்சரி வாசல்படி ஏறாமல் கீழேயே நின்றாள். "ச... ச... சரியாயிருச்சுன்னு சொன்னீங்களே நர்சம்மா" என்றாள். அவ்வளவுதான். பிறகு வரவில்லை.

பத்தாம் தேதி என் கடிதம் கிடைத்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். ஒரு கார்டில் 'அனுப்பாதே' என்று எழுதிப் போட்டிருந்தால் பதிமூன்றாம் தேதி என் கையில் இருந்திருக்கும். பணக்கார வீட்டுப் பையனாக இருந்தால் தந்தி கொடுத்திருப்பாய். கடலை பிடுங்குகிறவளுக்கு எட்டு நாள் ஆகிறது.

மரிய செல்வி


சென்னை
29-6-1963

செல்வி,

எட்டு நாள் ஆனது உண்மை. காரணத்தையும் கேட்டுக்கொள். பத்தாம் தேதி காலை, ஒரு வருஷமாக என்னிடம் வருகிற வக்கீல் மகன் ஒரு சீட்டில் 'உங்களிடம் வந்த பிறகு எனக்கு அதிகமாகிவிட்டது' என்று எழுதி மேஜையில் வைத்துவிட்டுப் போனான். அவன் எழுதியது சரி. நான் கொடுத்த மூச்சுப் பயிற்சியில் அவனுக்குப் பயம்தான் வளர்ந்தது. அதை யாரிடம் சொல்ல? டாக்டரிடம் சொன்னால் வேலை போகும். அன்று சாயந்தரம் உன் கடிதம் வந்தது. 'வகுப்பில் முதலாவதாக வந்தவள்' என்ற வரியைப் படித்ததும் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். மாதம் ஒரு கடிதம் என்றுதான் பேசிக்கொண்டோம். இரண்டு வருஷமாக நீ எழுதிய கடிதங்களில் ஒன்றிலாவது என் கேஸ் எப்படி இருக்கிறது என்று கேட்டதுண்டா? உனக்குத் துணை வேண்டியதில்லை, விசாரணை ஆபீஸ்தான் வேண்டும்.

நான் எழுதாததற்கு என்னைத் திட்டு. ஆனால் குணமாகிவிட்டது என்று அவளிடம் சொன்னது நான் இல்லை. என்னிடம் இவ்வளவு கோபப்படுகிறாயே, தப்பு என்னுடையது என்று அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னாயா? அந்த உபதேசியாரிடம், 'இவள் திக்கித்தான் சொல்லுவாள், உட்கார்ந்து கேளுங்கள்' என்று ஒரு வார்த்தை சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். டிஸ்பென்சரி உங்கள் கோவில் பங்குச் சாமியாருடையது, உபதேசியார் அவருடைய ஆள். அந்த ஆளுக்குச் சிரிக்க இடம் கொடுக்காமல் இருக்கத்தான் எட்டு வாரமாக அவள் வாயைத் திருத்திக்கொண்டிருந்தாய். அங்கே தூணோரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றவள் நீ.

பிரகதாம்பாள்


சின்னச்சவேரியார்பட்டி
22-7-1963

பிரகதாம்பாளுக்கு,

உன் கடிதத்தைப் படித்து ஒரு வாரம் எரிச்சலோடு திரிந்தேன். பிறகு சூசைமேரி வீட்டுக்குப் போனேன். அவள் வரட்டி தட்டிக்கொண்டிருந்தாள். குணமாகவில்லை, விஷயம் தெரியாமல் சொல்லிவிட்டேன், தப்பு என்னுடையது என்றேன். தட்டுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள். திக்கியபடியே சொல்ல வருவாயா, நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றவள் மூன்றாம் நாள் வந்தாள்.

பங்குச் சாமியாரிடம் போய், மந்திரம் தெரியுமா என்றுதானே கேட்க வேண்டும், வேகமாகத் தெரியுமா என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டேன். அவர் முகம் சிவந்தது. முழுக்கக் கேட்கும்படி உபதேசியாருக்கு உத்தரவு போட்டார். டிஸ்பென்சரியில் இனிப் பேச்சு வைத்தியம் கூடாது, புண்ணுக்கு மருந்து போட்டால் போதும் என்று எனக்கும் ஓர் உத்தரவு போட்டார். என் வீட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

14ஆம் தேதி ஞாயிறு. வெயில் ஏறிவிட்டது. முதல் மந்திரத்துக்கே கால் மணி நேரம் ஆனது. சிரிக்க வந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் சலித்து வீட்டுக்குப் போனார்கள். இரண்டாவதின் பாதியில் குழந்தைசாமி, "சரி சரி, தெரியுதுல்ல, போதும்" என்று துண்டை உதறி எழுந்தார். சூசைமேரி கையை நீட்டி அவரை மறித்தாள்.

"உ... உ... உக்காருங்க. இ... இன்னும் முடியல."

உட்கார்ந்தார். நான் அருகில் நின்றேன், உதட்டை அசைக்கவில்லை. அவளும் என் பக்கம் திரும்பவில்லை. ஒன்றேகால் மணி நேரம் சொன்னாள். ஒரு சொல்லும் விடவில்லை. நேற்று முதல் ஓலை வாசித்தார்கள்.

நீ எழுதியது சரி. அதைப் பத்தாம் தேதி எழுதியிருந்தால் அவள் 16ஆம் தேதி அந்தக் கூட்டத்தின் நடுவே நின்றிருக்க மாட்டாள். இரண்டும் உண்மை, ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடாது. உன் வக்கீல் மகனைப் பற்றி நான் கேட்டதில்லை என்பதும் உண்மை. இப்போது கேட்டால் அது கடனுக்குக் கேட்பது, அதனால் கேட்கவில்லை.

இனி மாதக் கடிதம் வேண்டாம்.

விராலிமலையிலிருந்து புதிதாக ஒருவர் வருகிறார், பெயர் வெள்ளைச்சாமி, பஸ் கண்டக்டர். ஊர்ப் பெயரைக் கூவ முடியாமல் வேலை போகும் நிலை. என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. புதன்கிழமை என் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். சூசைமேரியையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவளைக் கேட்டுக்கொள்கிறேன்.

மரிய செல்வி