அடிக்காமல் விட்ட கேபிள்

ராயபுரம், திருப்பூர்
9-2-1967

அன்புக் கண்ணு கந்தவேலுக்கு, சின்னம்மா எழுதுவது. அந்தக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே யாவரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, இந்த முறை முடியவில்லை. நின்றுகொண்டு படித்தால் உட்கார்ந்துகொள். திங்கட்கிழமை காலை அப்பா போய்விட்டார். கம்பெனியில் புது மிஷினுக்குக் கரண்ட் கேபிள் இழுப்பதைப் பார்த்து நின்றவர், நெஞ்சு என்னமோ பண்ணுது என்று சொல்லி பனியன் பண்டல் மேல் உட்கார்ந்தாராம், டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. ரொம்ப நேரம் அவதிப்படவில்லை. பெரியப்பா மகன் ஆத்தப்பன்தான் கொள்ளி வைத்தான், உன் இடத்தில் நான் நிற்கிறேனே என்று அழுதான்.

உனக்குக் கேபிள் அடிக்கவில்லை, சீமைக்கு ஒரு தந்தி கொடுக்கவில்லை என்று பெரியப்பா இன்னும் என் முகம் பார்த்துப் பேசவில்லை. பெத்தவளா இருந்தா அடிச்சிருப்பா என்று எல்லாரும் இருக்கும்போதே சொன்னார். போனேன் கண்ணு. தபாலாபீஸ் ஃபாரத்தில் உன் லீட்ஸ் விலாசம் வரை எழுதினேன். அப்பா சீரியஸ், உடனே புறப்படு என்று எழுதினால் போதும்மா, எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க என்றார் குமாஸ்தா. அதற்கு மேல் பேனா ஓடவில்லை. உன்னைப் பெற்ற அக்கா போனபோது கோயமுத்தூர் ஹாஸ்டலுக்கு அப்படித்தானே தந்தி வந்தது. அம்மா பிழைச்சுக்கணும் என்று பஸ்ஸில் வழியெல்லாம் வேண்டிக்கொண்டே வந்ததையும், தெருமுனையில் தப்பட்டைச் சத்தம் கேட்டுத்தான் தெரிந்ததையும் நீ ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னாய். எப்படிப் புறப்பட்டாலும் நீ அப்பா முகத்தைப் பார்த்திருக்க முடியாது. அத்தனை தூரமும் அந்தப் பொய்யோடு உன்னைத் தனியாக வரவைக்க எனக்கு மனசில்லை. நிஜத்தையே அடித்திருக்கலாமே என்பாய். நீ போய்ச் சேர்ந்ததும் அடித்த கேபிளை அப்பா சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். டீக்கடையில் யாராவது பையன் தந்தி அடிச்சானாமே என்றால், தந்தின்னு சொல்லாதீங்க, அது எழவுக்கு வர்றதுங்க, இது கேபிளுங்க என்பார். அன்றைக்கும் பையில் இருந்தது, மடிப்பெல்லாம் விட்டுப்போய். எடுத்து வைத்திருக்கிறேன். கேபிள் என்ற அந்தப் பேரில் இந்தச் செய்தியை உனக்கு அனுப்ப முடியவில்லை.

நான் செய்தது தப்பாகவும் இருக்கலாம். இது வந்து சேரும் வரை அப்பா இருக்கிறார் என்றே நீ நடமாடியிருப்பாய். அந்த நாட்களை உனக்குக் கொடுத்தேனா, உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேனா என்று தெரியவில்லை.

பரீட்சையை விட்டுவிடாதே, வேளைக்குச் சாப்பிடு. முருகன் உன் கூடவே இருக்கட்டும். இது கிடைத்ததும் மறக்காமல் கேபிள் அடி, கோபமாக இருந்தாலும் சரி, ஒரு வார்த்தை போதும். வாசலில் தந்திச் சேவகர் நின்றால் தெருவே பயப்படும். பயப்படாதீங்க, இது கேபிளுங்க என்று சொல்லி நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன்.

உன் சின்னம்மா
சாரதாமணி